ரேஸ் பேடு வாங்குமுன் டிஸ்க்கின் சூட்டைப் பாருங்கள்

வாசகர் கேள்விகளுக்குப் பட்டறையிலிருந்து பதில்கள்

இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதையில் நம் சொந்தக் காரையே ஓட்டிப் பார்க்கும் ட்ராக் டே அறிவிப்பு வந்துவிட்டால் போதும், புதுச்சேரியிலும் கடலூரிலும் இருந்து பிரேக் பற்றிய கடிதங்கள் வரிசையாக வர ஆரம்பித்துவிடும். இந்த இதழில் அவற்றையே மொத்தமாக எடுத்துக்கொண்டேன். எழுதியவர்கள் எல்லோருமே எடை குறைந்த கார் வைத்திருப்பவர்கள். பதில்களும் அந்த வகைக் கார்களுக்கானவைதான். ஒன்றரை டன் எஸ்யூவிக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

*என்னிடம் பழைய மாருதி 800 இருக்கிறது. பின் சீட், ஏசி, கார்பெட் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ரோல் கேஜ் போட்டிருக்கிறேன். எடைமேடையில் 640 கிலோ காட்டியது. ரேஸ் பேடும் துளை போட்ட டிஸ்க்கும் மாட்டினால்தான் ட்ராக்கில் தாங்கும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். வாங்கலாமா?*
வாசகர், முதலியார்பேட்டை

இப்போதைக்கு இரண்டையும் வாங்காதீர்கள். முதலில் உங்கள் டிஸ்க் எவ்வளவு சூடாகிறது என்று பார்த்துவிடுவோம். சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இரு பக்கமும் அழுத்திப் பிடிப்பது பேடு. அதன் தேர்வு பெரும்பாலும் சூட்டைப் பொறுத்த விஷயம். அந்தக் கணக்கு தெரியாமல் வாங்கும் பேடு நல்லதாகவும் அமையலாம், காசைக் கரைப்பதாகவும் அமையலாம்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். காரும் நீங்களும் சேர்ந்து 720 கிலோ. நேர்ப்பாதையின் முடிவில் 130 கி.மீ. வேகத்தில் வந்து, வளைவுக்காக 60-க்குக் குறைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு அழுத்தலில் ஏறத்தாழ 370 கிலோஜூல் ஆற்றல் சூடாக மாறுகிறது. இதில் முக்கால் பங்கு முன் பிரேக்குக்குப் போகும். இரண்டு டிஸ்க்குக்கும் பகிர்ந்தால் ஒன்றுக்குச் சுமார் 140. டிஸ்க் 3 கிலோ வார்ப்பிரும்பாக இருந்தால், அந்த ஒரு அழுத்தலில் அதன் சூடு 100 டிகிரி ஏறும். அடுத்த வளைவுக்குள் காற்று பட்டுக் கொஞ்சம் இறங்கும், மறுபடி ஏறும்.

இதையே ஓட்டுநரோடு 1,300 கிலோ வரும் செடானுக்குப் போட்டுப் பாருங்கள். அது அதே வளைவுக்கு 160-ல் வந்து 60-க்குக் குறைக்கிறது என்றால் சுமார் 1,100 கிலோஜூல், அதாவது மூன்று மடங்கு. கடையில் 'ரேஸ் பேடு' என்று கிடைப்பதில் பல, இப்படிப்பட்ட கார்களையும் இன்னும் கனமான கார்களையும் மனதில் வைத்துச் செய்தவை. 200, 250 டிகிரிக்குக் கீழே அவை சரியாகப் பிடிக்காது. பிடிக்காததோடு நிற்காமல், குளிர்ந்த நிலையில் டிஸ்க்கை அரம் வைத்து ராவியதுபோல் தின்றுவிடும். 640 கிலோ காரில் அந்தப் பேடு முதல் இரண்டு சுற்று முழுக்கத் தூங்கும். நீங்கள் அதை நம்பி வழக்கமான இடத்தில் காலை வைப்பீர்கள், கார் நேராக மண்ணுக்குள் போகும். இலகுவான காருக்கு உண்மையான ஆபத்து இந்தப் பக்கம்தான்.

இன்னொன்றையும் யோசியுங்கள். 145/70 ஆர் 12 டயர் எவ்வளவு பிடியைத் தாங்கும்? இப்போது இருக்கும் பேடிலேயே ஓங்கி மிதித்தால் முன் சக்கரம் லாக் ஆகிறதா, அதாவது சுழலாமல் வழுக்குகிறதா? ஆகிறது என்றால், அதைவிடக் கடித்துப் பிடிக்கும் பேடு போட்டு நிற்கும் தூரம் ஒரு அடிகூடக் குறையாது, ஏனென்றால் டயர்தான் அங்கே எல்லை. பேடை மாற்றுவதால் கிடைப்பது, பத்தாவது சுற்றிலும் முதல் சுற்றைப் போலவே பிடிக்கும் என்ற நம்பிக்கை. மிதிக்கும் அழுத்தத்தைக் கூட்டித் தரும் பூஸ்டர் இல்லாத பழைய வண்டி என்றால் காலின் சிரமமும் குறையும், அது நல்ல லாபம்தான்.

சரி, சூட்டை எப்படிப் பார்ப்பது? பலரும் ட்ராக் ஓரம் கார்களை நிறுத்தும் பிட்டுக்குள் வந்ததும், தொடாமலே சூட்டை அளக்கும் இன்ஃப்ராரெட் துப்பாக்கியை எடுத்து டிஸ்க்கின் பளபளப்பான முகத்தில் பிடிக்கிறார்கள். மின்னும் இரும்பில் அந்தக் கருவி உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். தவிர, பிட்டுக்கு வந்து சேர்வதற்குள் பாதிச் சூடு போயிருக்கும். இதற்கென்றே வெப்பம் காட்டும் பெயின்ட் விற்கிறது. பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று சிறு புட்டி. டிஸ்க்கின் வெளி விளிம்பைத் தின்னர் போட்டுத் துடைத்துவிட்டு, மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் ஒவ்வொரு கோடு இழுத்துக் காயவிடுங்கள். பேடு தேய்க்கும் முகத்தில் படக்கூடாது, விளிம்பில் மட்டும். பச்சை சுமார் 430 டிகிரியில் நிறம் மாறும், ஆரஞ்சு 560-ல், சிவப்பு 600-ஐத் தாண்டி. மாறிய நிறம் திரும்பாது. எனவே நிதானமாகக் காரை நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தாலும் உச்சச் சூடு எழுதிவைத்ததுபோல் தெரியும்.

பச்சைக் கோடு மாறவே இல்லையா? ரேஸ் பேடு உங்களுக்கு வேண்டாம். குளிரிலேயே பிடித்து 450, 500 வரை தாங்கும் 'ஃபாஸ்ட் ரோடு' வகைப் பேடு தாராளமாகப் போதும். பச்சை மாறி ஆரஞ்சு அப்படியே இருந்தால், 600 வரை தாங்கும் ட்ராக் டே பேடு பாருங்கள். ஆரஞ்சும் மாறிவிட்டால் பேடை விட்டுவிட்டுக் காற்றைப் பற்றி யோசிக்க வேண்டும். பம்பரிலிருந்து ஒரு குழாய் வைத்து டிஸ்க்குக்குக் காற்று கொண்டுபோங்கள். உங்களுடையது காற்றுத் துளை இல்லாத தட்டை டிஸ்க் என்றால் காற்று இரு பக்கமும் படவேண்டும். ஒரு பக்கம் மட்டும் குளிர்ந்தால் டிஸ்க் குவிந்துகொள்ளும்.

பேடின் ஓரத்தில் அச்சடித்திருக்கும் எழுத்துகளையும் படிக்கப் பழகுங்கள். கடைசியில் இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும். முதல் எழுத்து குளிர்ந்த நிலையின் பிடி, இரண்டாவது சூடான நிலையின் பிடி. 'இ' என்றால் உராய்வு எண் 0.25 முதல் 0.35 வரை, 'எஃப்' 0.35 முதல் 0.45, 'ஜி' 0.45 முதல் 0.55. இரண்டும் 'எஃப்' என்று இருக்கும் பேடு உங்கள் காருக்கு நல்ல தொடக்கம். ஆனால் அந்தச் சோதனை சாலைச் சூட்டை ஒட்டியது. ட்ராக்கில் எவ்வளவு தாங்கும் என்பதற்குத் தயாரிப்பாளர் தரும் வெப்ப வரைபடத்தைத்தான் கேட்க வேண்டும். வரைபடம் தரமுடியாதவரிடம் ரேஸ் பேடு வாங்காதீர்கள்.

பழைய பேடின் தகட்டில் புது லைனிங் ஒட்டித் தரும் கடைகள் நம் ஊரில் உண்டு. லாரி ஷூவுக்கு அவர்கள் செய்யும் வேலை அருமை. ட்ராக் காரின் டிஸ்க் பேடுக்கு மட்டும் அந்தப் பக்கம் போகாதீர்கள். 400 டிகிரியில் அந்தப் பசை விட்டுவிட்டால் தகடு நேராக டிஸ்க்கில் உரசும்.

*துளை போட்டது, கோடு வெட்டியது, தட்டை, உள்ளே காற்று போகும் டிஸ்க் என்று நாலு வகை சொல்கிறார்கள். எடை குறைந்த காருக்கு எது?*
வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

உங்கள் காரின் முன் சக்கரத்தில் கம்பெனி வைத்த வகை எதுவோ அதுவே, நல்ல வார்ப்பில், துளையும் கோடும் இல்லாமல். என் பட்டறையில் யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வேன். டிஸ்க்கின் வேலை சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு காற்றுக்குக் கொடுப்பது. துளை போட்டால் சூட்டை வாங்கும் இரும்பு குறைகிறது, ஒவ்வொரு துளையின் ஓரத்திலும் விரிசல் தொடங்க ஓர் இடம் கிடைக்கிறது. துளையிலிருந்து துளைக்கு முடிபோல விரிசல் ஓடிய டிஸ்க்கை ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்தவர்கள் அதை மறுபடி மாட்டமாட்டார்கள். நகத்தை வைத்து இழுத்தால் விரிசல் நகத்தில் மாட்டும். அந்த நிலையில் டிஸ்க்கைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

கோடு வெட்டிய டிஸ்க் அவ்வளவு மோசமில்லை. பேடின் முகத்தில் படியும் மாவை வழித்து எடுக்கும், மழையில் ஓட்டும்போது நன்றாக இருக்கும். பேடு சற்று வேகமாகத் தேயும், ஓட்டும்போது ஒரு உறுமல் கேட்கும், அவ்வளவுதான்.

உள்ளே காற்று போகும் டிஸ்க் தட்டையைவிடத் தடிமன். அதனால் பேடைப் பிடித்து அழுத்தும் காலிப்பரும் மாற வேண்டியிருக்கும், 12 அங்குல ரிம்முக்குள் இடமும் பார்க்க வேண்டும். எடையும் ஏறும். ஸ்பிரிங்குக்குக் கீழே சக்கரத்தோடு சேர்ந்து ஆடும் எடை அது. இலகுவான காரில் ஒரு கிலோ கூடினாலும் மேடு பள்ளத்தில் தெரியும். ஆரஞ்சு பெயின்ட் மாறாதவரை இந்தச் செலவுக்கு அவசியம் இல்லை.

வளைந்த தடுப்புகள் கொண்ட டிஸ்க் வாங்கினால் ஒன்றைக் கவனியுங்கள். காற்று நடுவில் நுழைந்து வெளி விளிம்பு வழியாகப் போகும்படி, தடுப்புகளின் வெளி முனை சுழலும் திசைக்குப் பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். இடது பக்கத்துக்கு ஒன்று, வலது பக்கத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக வரும். மேலே வெட்டியிருக்கும் கோட்டின் சாய்வைப் பார்த்து மாட்டி ஏமாறுபவர்கள் நிறைய. விளிம்பின் இடுக்கில் டார்ச் அடித்து உள்ளே இருக்கும் தடுப்பைத்தான் பார்க்க வேண்டும்.

*கோவை கரி ஸ்பீட்வேயில் மூன்றாவது சுற்றில் பிரேக் பெடல் தரைவரை போய்விட்டது. இரண்டு மூன்று முறை பம்ப் செய்ததும் ஓரளவு பிடித்தது. மறுநாள் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. பேடு மோசமா?*
வாசகர், நெல்லித்தோப்பு

பேடைக் குறை சொல்லாதீர்கள், கொதித்தது பிரேக் ஆயில். இதைப் பிரித்தறிவது சுலபம். பெடல் கல்லுபோல இருந்தும் கார் நிற்கவில்லை என்றால் பேடு சூட்டில் பிடியை விட்டுவிட்டது. பெடல் மெத்தென்று உள்ளே போனால் ஆயிலில் ஆவிக் குமிழ் விழுந்துவிட்டது. ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. குளிர்ந்ததும் ஆவி மறைந்துவிடும், அதனால்தான் மறுநாள் எல்லாம் சரியாகத் தெரிகிறது. அந்தச் 'சரி'யை நம்பி மறுபடி ட்ராக்குக்குப் போய்விடாதீர்கள்.

டாட் 3, டாட் 4, டாட் 5.1 என்ற பிரேக் ஆயில் தரங்கள் மூன்றும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுபவை. புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக்கூடாது. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 140. டாட் 4-க்கு 230, ஈரம் ஏறினால் 155. டாட் 5.1-க்கு 260, ஈரம் ஏறினால் 180. ட்ராக்குக்கென்றே வரும் ஆயில்கள் புதிதாக இருக்கையில் 300-ஐத் தாண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நம் கடலோரக் காற்று எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மேஜை டிராயரில் உப்பு கரைகிற ஊரில், மூடியை ஒருமுறை திறந்து அலமாரியில் வைத்த ஆயில் டப்பா என்ன ஆகும்? சின்ன டப்பா வாங்குங்கள், திறந்த அன்றே முடித்துவிடுங்கள், மீதியைக் கொட்டிவிடுங்கள். டாட் 5 என்று தனியாக வருவது சிலிகான் வகை, அதை மற்றவற்றோடு கலக்கவே கூடாது.

இலகுவான காருக்கு நான் சொல்லும் முதல் செலவு இதுதான். பேடுக்கும் டிஸ்க்குக்கும் முன்னால் நல்ல டாட் 4, ஒவ்வொரு ட்ராக் நாளுக்கும் முன்பு புதிதாக. ஆயிலை மாற்றி உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்ற, அதாவது ஏர் எடுக்க, இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து மெதுவாக மிதித்துப் பிடிக்க, மற்றவர் கீழே காலிப்பரில் ஆயில் வெளியேறும் நிப்பிளைக் கால் சுற்று திறந்து, ஓட்டம் நிற்பதற்குள் மூட வேண்டும். மூடிய பிறகுதான் காலை எடுக்கச் சொல்ல வேண்டும். கண்ணாடிக் குழாய் மாட்டியிருந்தால் பழுப்பு ஆயில் போய்த் தெளிவான ஆயில் வரும் இடம் கண்ணுக்குத் தெரியும். பொதுவாக, பெடல் மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்குவோம். உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகம் வேறு வரிசை சொன்னால் அதன்படியே செய்யுங்கள். ஆயில் பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், விட்டால் பெயின்ட் உரிந்துவரும்.

அப்புறம், பேடு பாதிக்கு மேல் தேய்ந்திருந்ததா என்றும் பாருங்கள். சாலையில் பாதிப் பேடு இன்னும் பல மாதம் ஓடும். ட்ராக்கில் அப்படி இல்லை. பேடு மெலிந்தால் சூடு நேராகத் தகடு வழியே பிஸ்டனுக்கும், அங்கிருந்து ஆயிலுக்கும் போகும்.

*ட்ராக்கில் ஓட்டிய பிறகு 80 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் உதறுகிறது. டிஸ்க் வளைந்துவிட்டது என்று சொல்லி இரண்டு முறை லேத்தில் ஃபேசிங் போட்டார்கள். கொஞ்ச நாளில் மறுபடி அதே உதறல்.*
வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

டிஸ்க் வளைவது அபூர்வம். பெரும்பாலும் நடப்பது வேறு. நன்றாகச் சூடான டிஸ்க்கோடு பிட்டுக்குள் வந்து, பிரேக்கை மிதித்தபடியே நிற்கிறோம். பேடு தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் பேடின் பொருள் டிஸ்க்கில் ஒட்டிவிடுகிறது. அடுத்த ஓட்டத்தில் அந்தத் திட்டு மற்ற இடத்தைவிட அதிகமாகப் பிடித்து அதிகமாகச் சூடாகிறது. அளவுக்கு மீறிச் சூடானால் அந்த இடத்து இரும்பே மாறி, கடினமான புள்ளி உருவாகும். அது ஆழமாக இறங்கியிருக்கும். மேலே எவ்வளவு சீவினாலும் அடியில் இருப்பது கொஞ்ச நாளில் மறுபடி தலை தூக்கும். உங்கள் உதறல் திரும்பி வருவதற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

மைக்ரோமீட்டர் வைத்திருக்கும் ஒருவரிடம் போய், டிஸ்க்கின் விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே, சுற்றிலும் எட்டு இடத்தில் தடிமனை அளக்கச் சொல்லுங்கள். 0.02 மி.மீ. வித்தியாசமே காலில் தெரியும். டிஸ்க்கின் நடுத்தொப்பியில் வார்த்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனையும் படியுங்கள். இரண்டு முறை சீவிய டிஸ்க் அந்த எண்ணுக்குக் கீழே போயிருக்க வாய்ப்பு அதிகம். போயிருந்தால் பேச்சே இல்லை, புதுசு மாட்டுங்கள்.

புதிது மாட்டுவதற்கு முன், டிஸ்க் உட்காரும் ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷ் போட்டுச் சுத்தம் செய்யுங்கள். நம் ஊரில் அங்கே துரு கட்டியாக உட்கார்ந்திருக்கும். அதன்மேல் புது டிஸ்க்கை வைத்தால் முதல் நாளே கோணல். வீல் நட்டுகளைக் குறுக்கே மாற்றி மாற்றி, டார்க் ரெஞ்ச் வைத்து ஒரே அளவில் இறுக்க வேண்டும். காற்றுத் துப்பாக்கியால் ஒரே மூச்சில் இறுக்கும் இடத்தில் சக்கரத்தைக் கொடுக்காதீர்கள்.

அடுத்து, புதுப் பேடையும் டிஸ்க்கையும் பழக்க வேண்டும். புது தோசைக்கல்லை முதல் நாளே முழுத் தீயில் வைக்காமல் எண்ணெய் தடவித் தடவிப் பழக்குவோம் அல்லவா, இதுவும் அப்படித்தான். ட்ராக்கின் முதல் செஷனை இதற்கென்றே ஒதுக்குங்கள். 80-லிருந்து 20 வரை மிதமாக, எட்டுப் பத்து முறை, முழுதாக நிற்காமல். பிறகு இன்னும் அழுத்தமாகச் சில முறை. ஒரு காரமான வாசனை வரும், வந்து அடங்கும். அதன்பின் ஒரு சுற்று முழுக்கப் பிரேக்கைத் தொடாமல் காற்றிலேயே ஆறவிடுங்கள். டிஸ்க்கின் முகத்தில் திட்டு இல்லாமல், ஒரே சீராக நீலம் கலந்த சாம்பல் நிறம் படிந்திருந்தால் வேலை சரியாக நடந்திருக்கிறது. ஒவ்வொரு செஷனின் முடிவிலும் ஒரு சுற்று மெதுவாகப் போய் ஆறவிட்டுத்தான் பிட்டுக்கு வரவேண்டும். வந்தபின் காலை எடுத்துவிடுங்கள், ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

*வீராம்பட்டினத்தில் கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு. காரை ஒரு வாரம் எடுக்காவிட்டால் டிஸ்க் முழுக்கச் செம்மண் நிறமாகிவிடுகிறது. கெட்டுப்போகுமா?*
வாசகர், வீராம்பட்டினம்

டிஸ்க்கின் முகத்தில் வரும் மேல்துருவுக்குப் பயப்படவேண்டாம். நாலு முறை பிரேக் பிடித்தால் போய்விடும். கவலைப்பட வேண்டியது காலிப்பர் நகரும் பின்களைப் பற்றி. உப்புக் காற்றில் அவை இறுகிவிடும், ஒரு பேடு மட்டும் தேயும், கார் ஒரு பக்கம் இழுக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் துடைத்து, பிரேக்குக்கென்று வரும் சிலிகான் கிரீஸ் தடவுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்துவிடும்.

*நாங்கள் காலாப்பட்டு பக்கம் பொறியியல் கல்லூரி மாணவர்கள். மாணவர்களே கட்டிய கார்கள் மோதும் ஃபார்முலா பாரத் போட்டிக்காகக் கார் கட்டுகிறோம். எடை 230 கிலோ. பைக்கின் டிஸ்க்கும் பேடும் போடலாமா? சின்டர்டு பேடு நல்லது என்று சீனியர்கள் சொல்கிறார்கள்.*
மாணவர் குழு

உங்கள் கடிதத்தைப் படித்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி, தம்பிகளே. பைக்கின் காலிப்பரும் பேடும் உங்கள் எடைக்குச் சரியாகப் பொருந்தும். ஆனால் உலோகத் தூளைச் சூட்டில் இறுக்கிச் செய்யும் சின்டர்டு விஷயத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஓட்டுநரோடு 300 கிலோ, 60-லிருந்து 25-க்குக் குறைக்கிறீர்கள் என்றால் வெறும் 35 கிலோஜூல்தான். முக்கால் கிலோ முன் டிஸ்க்குக்கு அது ஓர் அழுத்தலில் 30, 35 டிகிரி. சூட்டில்தான் விழிக்கும் கடினமான பேடைப் போட்டால் முதல் சில வளைவுகள் வீணாகப் போகும். குளிரிலேயே கடிக்கும் ஆர்கானிக் பேடையும் வாங்கி, இரண்டையும் அதே ஓட்டுநர், அதே டயர், அதே இடத்தில் சோதித்துப் பாருங்கள். 22 கி.மீ. எண்டியூரன்ஸ் என்னும் நீண்ட ஓட்டத்தில் சூடு படிப்படியாகச் சேரும் என்பதால் அந்தத் தூரம் முழுக்க ஓட்டிப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள். ஆர்கானிக் அதைத் தாங்கிவிட்டால் அதுவே போதும்.

பிரேக் டெஸ்டில் நான்கு சக்கரமும் லாக் ஆக வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். பல குழுக்கள் அங்கே தடுமாறுவது முன், பின் பங்கீட்டில். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாயும். எவ்வளவு சாயும் என்பதை ஈர்ப்பு மையத்தின் உயரத்தைச் முன், பின் சக்கரங்களின் இடைவெளியால் வகுத்து, காரின் மொத்த எடையாலும் வேகக் குறைப்பாலும் பெருக்கிக் கண்டுபிடியுங்கள். அந்த எண் கையில் வந்த பிறகு மாஸ்டர் சிலிண்டரின் அளவைத் தேர்ந்தெடுங்கள். மிதிக்கும் விசையை முன், பின் பிரேக்குக்குப் பிரிக்கும் பேலன்ஸ் பார் கடைசி நேரச் சின்னத் திருத்தத்துக்கு மட்டும். முதலிலேயே அதை ஒரு பக்கக் கடைசிவரை திருக வேண்டியிருந்தால் கணக்கில் பிழை இருக்கிறது. முன்னும் பின்னும் வேறு வேறு பேடு போட்டால் இந்தப் பங்கீடு மாறிவிடும், அதையும் கணக்கில் சேருங்கள்.

எடை குறைக்க டிஸ்க்கில் கண்டபடி துளை போடுவதை நான் ஆதரிக்கமாட்டேன். நீங்களே லேசரில் வெட்டுவதாக இருந்தால் பைக் டிஸ்க்குக்குப் பயன்படும் 410 வகை ஸ்டெயின்லெஸ் தகட்டைப் பாருங்கள். வெட்டியபின் ஓரங்களை மழுக்குங்கள். கூரான ஓரத்தில்தான் விரிசல் பிறக்கும்.

*என் மகன் ட்ராக்கில் ஓட்டும் ஆல்டோவிலேயே வீட்டாரையும் அழைத்துக்கொண்டு மயிலம் கோயிலுக்குப் போகிறான். ரேஸ் பேடு மாட்டியிருக்கிறேன், சாதாரணத்தைவிடப் பாதுகாப்பு என்கிறான். உண்மையா?*
ஒரு தந்தை, வில்லியனூர்

உங்கள் கவலை நியாயமானது, ஐயா. பேடு எந்த வகை என்பதைப் பொறுத்தது என்றாலும், அசல் ரேஸ் பேடு என்றால் சாலைக்கு அது பாதுகாப்பு இல்லை. விடியற்காலையில் வில்லியனூரிலிருந்து கிளம்பி, முதல் முறை குறுக்கே ஒரு மாடு வரும்போது அந்தப் பேடு குளிர்ந்திருக்கும். அந்த நேரத்தில் சாதாரணப் பேடே நன்றாக நிறுத்தும். கம்பெனி பேடு அப்படி ஒன்றும் குறைந்த பொருள் இல்லை. ரானே நிறுவனம் பிரேக் லைனிங் செய்யும் தொழிற்சாலை ஒன்று நம் புதுச்சேரியிலேயே ஓடுகிறது. பாடியில் 1962-ல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியாவின் பாகங்களும் எல்லா ஊர்க் கடையிலும் கிடைக்கின்றன.

தம்பியிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். வீட்டு ஓட்டத்துக்குச் சாதாரணப் பேடு. ட்ராக் பேடை டிக்கியில் வைத்துத் திண்டிவனம், செங்கல்பட்டு, ஒரகடம் வழியாக இருங்காட்டுக்கோட்டை போய், அங்கே மாட்டிக்கொள்ளட்டும். அந்தக் காரில் முன் பேடு மாற்றுவது பழகிய கைக்கு ஒரு மணி நேர வேலைகூட இல்லை. கழற்றும்போதே தகட்டின் முதுகில் 'இடது உள்', 'இடது வெளி' என்று பெயின்ட் மார்க்கரில் எழுதிவிட வேண்டும். ஒவ்வொரு பேடும் திரும்பவும் அதன் பழைய இடத்துக்கே போக வேண்டும். இரண்டு வகைப் பேடும் ஒரே டிஸ்க்கில் மாறி மாறி ஓடினால் டிஸ்க்கில் படியும் பேடின் பொருள் கலந்து உதறல் வரும். எனவே மாற்றும்போதெல்லாம் டிஸ்க்கின் முகத்தை உப்புத்தாள் போட்டுச் சுற்றிலும் தேய்த்து, பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டு, புதிதாகப் பழக்க வேண்டும். இன்னும் நல்லது, ட்ராக்குக்கு என்று ஒரு ஜோடி டிஸ்க் தனியாக வைத்துக்கொள்வது. இலகுவான காரின் தட்டை டிஸ்க் விலை அதிகம் இல்லை.

இவ்வளவும் சிரமம் என்று தம்பி சொன்னால், முதல் கேள்விக்கான பதிலைப் படிக்கச் சொல்லுங்கள். விளிம்பில் பச்சைக் கோடு ஒன்று இழுத்து ஒரு நாள் ஓட்டிப் பார்க்கட்டும். ஆல்டோவின் எடைக்கு அது மாறாமல் இருந்துவிட்டால், வீட்டுக்கும் ட்ராக்குக்கும் சேர்த்து ஒரே ஃபாஸ்ட் ரோடு பேடு போதும். மயிலத்துக்கும் நிம்மதியாகப் போய்வரலாம்.